ஆடிக்காற்றும் ஹார்டு டிஸ்க்கும்

லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க்குக்கு இரண்டு வகையாக உத்தரவு போடலாம். பத்து நிமிடம் வேலை எதுவும் இல்லையென்றால் சுற்றுவதை நிறுத்திவிட்டுத் தூங்கு என்பது ஒன்று. சும்மா சும்மா தலையை ஓரத்தில் ஒதுக்கி வைக்காதே, வேலைக்குத் தயாராக நில் என்பது இன்னொன்று. உத்தரவைப் போட்டதும் டிஸ்க் ஏற்றுக்கொள்ளும். திரையில் பிழை எதுவும் வராது. மறுநாள் பார்த்தால் தூங்க வேண்டிய டிஸ்க் விடிய விடியச் சுற்றிக்கொண்டிருக்கும். தயாராக நிற்க வேண்டிய டிஸ்க் 'டிக், டிக்' என்று தலையை ஒதுக்கிக்கொண்டிருக்கும். அதற்கு அடுத்த நாள் இரண்டுமே ஒழுங்காக இருக்கும். ஒரு நாள் சொன்ன பேச்சைக் கேட்டு, ஒரு நாள் கேட்காமல் இருக்கும் இந்த வியாதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடியோடு கெட்டுப்போன பொருளைச் சரிசெய்வது சுலபம். விட்டு விட்டு வரும் கோளாறு அப்படியில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே நன்றாக ஓடும். போடியில் லேப்டாப் ரிப்பேர் பார்க்கும் தம்பி ஒருவர் என் லேப்டாப்பை மதியம் முழுக்க ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணே, இங்க நல்லாத்தான ஓடுது. உங்க வீட்லதாண்ணே ஏதோ இருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு அது தட்டிக்கழிக்கிற பேச்சாகப் பட்டது. ஆனால் விடையே அந்த ஒரு வரிக்குள்தான் இருந்தது.

என் வீடு தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் நியூட்ரினோ ஊர். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த நியூட்ரினோ ஆய்வகத் திட்டம் இங்கேதான் வருவதாக இருந்தது. சுமார் 1,500 கோடி ரூபாய் செலவில், மலையைக் குடைந்து, உள்ளே 50,000 டன் இரும்பை வைத்து நியூட்ரினோவைப் பிடிப்பதாக இருந்தது. எதிர்ப்பு, வழக்கு என்று நின்றுபோயிருக்கிறது. அந்த விவகாரத்துக்குள் இப்போது போகவில்லை. ஊருக்குள் இருப்பவர்களுக்குத் தெரிந்த பொட்டிபுரம் வேறு. மேற்கே மலை. மலைக்கு மேலே கேரளப் பக்கம் ஏலத்தோட்டம். இருட்டோடு ஜீப் ஏறித் தோட்ட வேலைக்குப் போகிற ஜனங்கள். போடியில் ஸ்பைசஸ் போர்டின் ஏல மையத்தில் இன்றைக்குக் காய் என்ன விலைக்குப் போனது என்ற கேள்வி. அப்புறம் காற்று. ஆனி, ஆடியில் மலை இடுக்கு வழியாக இறங்கி வரும் காற்று தென்னைமட்டையைப் பிய்த்துக்கொண்டு போய்க் கம்பியில் போடும். அந்த மாதங்களில் கரண்ட் மணிக்கணக்கில் போவது குறைவு, சிமிட்டுவதுதான் அதிகம். விளக்கு ஒருமுறை அணைந்து எரியும், அவ்வளவுதான். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டோம். இந்தச் சிமிட்டலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா மகன் அண்ணனுக்கு மலைமேல் கொஞ்சம் ஏலக்காய் இருக்கிறது. அந்தத் தோட்டத்துக் கணக்கு என் பொறுப்பு. தினமும் பெய்த மழை, மருந்தடித்த தேதி, பறித்த பச்சைக்காய் எடை, ஸ்டோரில் உலர்ந்து வந்த எடை, ஏலத்தில் போன விலை, கூலி, செடியில் நோய் கண்டால் எடுத்த போட்டோ எல்லாம் பல வருடத்துக்குச் சேர்ந்து கிடக்கிறது. காகிதத்தில் இருந்த பழைய நோட்டுகளைக் கரையான் பாதி தின்றதால் மொத்தத்தையும் கம்ப்யூட்டருக்கு மாற்றினோம். கம்ப்யூட்டர் என்றால் அக்கா மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த அரசு லேப்டாப்.

இந்த லேப்டாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த லட்சக்கணக்கான லேப்டாப்புகளில் அதுவும் ஒன்று. அவற்றில் பாஸ் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார்கள். சென்னையில் உள்ள மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. பெரும்பாலான வீடுகளில் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். இத்தனை கிராமத்து வீடுகளுக்குள் லினக்ஸ் நுழைய அப்படியொரு சந்தர்ப்பம் எளிதில் கிடைக்குமா? நான் அதில் டெபியனையே நேராகப் போட்டுக்கொண்டேன். உள்ளே இருப்பது தகடு சுற்றுகிற பழைய ஹார்டு டிஸ்க். காப்புப் பிரதிக்குத் தனி அடாப்டர் வைத்த பெரிய யூஎஸ்பி டிஸ்க் ஒன்று பக்கத்தில். ஆக இரண்டு டிஸ்க், இரண்டு விதக் கோளாறு. உள்ளே இருப்பது டிக் டிக் என்றது. வெளியே இருப்பது தூங்க மறுத்தது.

டிக் டிக் ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். லேப்டாப் டிஸ்க்கில் தகடு பொதுவாக நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்றுகிறது. படிக்கிற தலை தகட்டைத் தொடாமல், கண்ணுக்குத் தெரியாத காற்றுப் படலத்தின் மேல் மிதக்கிறது. வேலை இல்லாத நேரத்தில் டிஸ்க் அந்தத் தலையை ஓரத்தில் இருக்கிற சரிவான தாங்கியில் ஏற்றி வைத்துவிடும். லேப்டாப் கீழே விழுந்தால் தகடு கீறாது, கொஞ்சம் மின்சாரமும் மிச்சம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏறி இறங்குவதற்கு ஓர் ஆயுள் கணக்கு உண்டு. பழைய லேப்டாப் டிஸ்க்குகளுக்கு 3 லட்சம் தடவை, பிறகு வந்தவற்றுக்கு 6 லட்சம் தடவை என்று தயாரிப்பாளர்களே குறித்திருப்பார்கள். லினக்ஸ் சும்மா இருக்காது. சில நொடிக்கொருமுறை எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். தலை ஒதுங்கும், உடனே எழுத வேலை வரும், தலை இறங்கும், மறுபடி ஒதுங்கும். நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்தாலே ஒரு நாளைக்கு 1,440. மூன்று லட்சம் தீர ஏழு மாதம்கூட ஆகாது.

இது எங்கள் ஊர்ப் புதுமையும் இல்லை. 2007-இல் உபுண்டு பயன்படுத்தியவர்கள் உலகம் முழுக்க இதே டிக் டிக்கைக் கேட்டுப் பதறிப்போய், லேப்டாப் டிஸ்க்கின் ஆயுளை லினக்ஸ் தின்கிறதா என்று பெரிய விவாதமே நடந்தது. பிறகு வெஸ்டர்ன் டிஜிட்டலின் கிரீன் வகை டிஸ்க்குகள் எட்டு நொடி சும்மா இருந்தாலே தலையை ஒதுக்கியதால் அதே கதை மேஜைக் கம்ப்யூட்டர்களிலும் வந்தது.

டிஸ்க்கோடு பேசுவதற்கு லினக்ஸில் ஹெச்டிபார்ம் என்ற கருவி இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த மார்க் லார்ட் எழுதியது. அதில் பெரிய எழுத்து 'பி' போட்டு 1 முதல் 254 வரை ஓர் எண் கொடுத்தால் அது டிஸ்க்கின் மின்சிக்கன நிலை. 1 முதல் 127 வரை கொடுத்தால் சுற்றுவதை நிறுத்தவும் அனுமதி. 128 முதல் 254 வரை கொடுத்தால் நிறுத்தக் கூடாது. எண் கூடக் கூடத் தலை ஒதுங்குவதும் குறையும். 255 என்றால் இந்த வசதியையே அணைத்துவிடு என்று அர்த்தம். பெரிய எழுத்து 'எஸ்' போட்டால் தூங்கும் நேரம். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அங்கே கொடுக்கும் எண் நிமிடக் கணக்கே கிடையாது. 1 முதல் 240 வரை ஐந்து ஐந்து நொடியாகக் கணக்கு. பத்து நிமிடம் வேண்டுமென்று 10 கொடுத்தால் 50 நொடியில் தூங்கிவிடும். 120 கொடுக்க வேண்டும். 240 என்றால் இருபது நிமிடம். அதற்கு அடுத்த 241 அரை மணி நேரம், 242 ஒரு மணி நேரம் என்று தாவும். மறுபடி 252 கொடுத்தால் 21 நிமிடம். ஏன் இப்படி என்றால் அந்தக் காலத்து டிஸ்க் நெறிமுறையில் ஒரே பைட்டுக்குள் எல்லா நேரத்தையும் அடக்கப் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டு உத்தரவும் ஒன்றோடொன்று மோதவும் செய்யும். நிலையை 254-இல் வைத்துவிட்டு, பத்து நிமிடத்தில் தூங்கு என்றும் சொன்னால், சில டிஸ்க் இரண்டாவதை மதிக்கும், சில மதிக்காது. 128-க்குக் கீழே இறக்கினால்தான் தூங்கும் நேரத்தைக் காதில் வாங்கும் டிஸ்க்குகள் உண்டு. டிஸ்க்குக்கு டிஸ்க் இது மாறும். ஆனால் ஒரே டிஸ்க் நாளுக்கு நாள் மாறாது. மின்னணுச் சில்லுக்கு மனநிலை கிடையாது. நேற்று ஒன்றும் இன்று ஒன்றுமாக நடந்தால், நமக்குத் தெரியாமல் வேறு யாரோ டிஸ்க்கிடம் பேசியிருக்கிறார்கள், அல்லது டிஸ்க் நடுவில் ஒருமுறை அணைந்து எழுந்திருக்கிறது. எழுந்த டிஸ்க்குக்குப் பழைய பேச்சு ஞாபகம் இருக்காது. ஹெச்டிபார்ம் மூலம் நாம் வைக்கும் தூங்கும் நேரம் டிஸ்க்குக்குக் கரண்ட் இருக்கும்வரைதான் நிற்கும்.

எனவே கட்டளையை மறுபடி மறுபடி கொடுத்துப் பார்ப்பதில் பயனில்லை. கட்டளையைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கவனிக்க வேண்டும். கவனிப்பதற்கு நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினேன். அது குறித்து வைத்தது இவ்வளவுதான்: மணி, ஒவ்வொரு டிஸ்க்கும் விழித்திருக்கிறதா தூங்குகிறதா, மின்சிக்கன நிலை எண் என்ன, டிஸ்க் இப்போது எந்தப் பெயரில் இருக்கிறது, லேப்டாப் கரண்டில் ஓடுகிறதா பேட்டரியில் ஓடுகிறதா. இந்தக் கடைசித் தகவலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சிஸ் அடைவுக்குள் பவர் சப்ளை என்று ஒரு கோப்புறை இருக்கிறது. அதில் அடாப்டருக்கு உரிய 'ஆன்லைன்' கோப்பைத் திறந்தால் 1 அல்லது 0. ஒரு வரிதான், ஆனால் வழக்கே அதில் முடிந்தது.

கவனிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குறிப்பை அதே டிஸ்க்கில் எழுதினால் நாமே அதை எழுப்பிவிடுவோம். நான் ஒரு பென் டிரைவில் எழுதினேன். டிஸ்க்கின் நிலையைக் கேட்கவும் எல்லாக் கேள்வியும் ஒன்றல்ல. ஹெச்டிபார்மில் பெரிய 'சி' போட்டுக் கேட்பது டிஸ்க்கை எழுப்பாமல் கேட்பது. டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் தகவலைக் கேட்பது அப்படியில்லை. தூங்கும் டிஸ்க்கை எழுப்பக்கூடும், விழித்திருக்கும் சில டிஸ்க்குகளில் தூங்கும் நேரக் கணக்கை முதலிலிருந்து தொடங்க வைக்கும். அதனால் ஸ்மார்ட்சிடிஎல் கருவியில் 'தூங்கினால் எழுப்பாதே' என்று சொல்லும் விருப்பத்தைச் சேர்த்தே கேட்க வேண்டும். அதற்குச் சின்ன 'என்', பக்கத்தில் 'ஸ்டேண்ட்பை' என்ற சொல்.

ஸ்மார்ட்சிடிஎல் என்றதும் எனக்குப் பிடித்த ஒரு சங்கதியைச் சொல்லாமல் போக முடியவில்லை. அது அடங்கிய ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பை 2002-இல் தொடங்கிய புரூஸ் ஆலன் ஓர் இயற்பியலாளர். ஈர்ப்பு அலைகளைத் தேடும் ஆராய்ச்சியில் கம்ப்யூட்டர் கூட்டங்களைக் கட்டி மேய்த்தவர். அத்தனை கம்ப்யூட்டரில் எந்த டிஸ்க் எப்போது சாகும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டிய அவசியம் அவருக்கு இருந்தது. இன்றைக்கு அந்தக் கருவியை வைத்து நான் ஏலத்தோட்டக் கணக்கைக் காப்பாற்றுகிறேன். விஞ்ஞானிகள் தங்கள் தேவைக்குச் செய்த கருவியை இலவசமாகத் திறந்து வைத்ததால்தான் இது நடக்கிறது.

சரி, குறிப்பு என்ன சொன்னது?

உள்ளே இருக்கும் டிஸ்க்கின் விவகாரம் முதலில் வெளிச்சமானது. நான் 254 கொடுத்திருக்கிறேன். பல மணி நேரம் 254 என்றே வரிவரியாக ஓடுகிறது. திடீரென்று ஒரு வரியில் 128. அதே வரியில் 'ஆன்லைன்' 0. கரண்ட் போயிருக்கிறது, லேப்டாப் பேட்டரிக்கு மாறியிருக்கிறது. மாறியதும் பேட்டரியை மிச்சம் பிடிக்கும் டிஎல்பி என்ற நிரல் விழித்து, டிஸ்க்குக்கு 128 கொடுத்திருக்கிறது. அது அதன் வேலை. கரண்டில் ஓடும்போது 254, பேட்டரியில் 128 என்பதே அதன் இயல்பான அமைப்பு. மிச்சமெல்லாம் ஒழுங்காக நடந்தால் கரண்ட் வந்ததும் மறுபடி 254 ஆகிவிட வேண்டும். பாதி நேரம் அப்படித்தான் ஆகியிருந்தது. மீதி நேரம் கரண்ட் வந்த பிறகும் 128-இலேயே நின்றிருந்தது. விடியும்வரை டிக் டிக்.

எந்த நேரத்தில் நின்றது என்று பார்த்தால், கரண்ட் நீளமாகப் போய் வந்தபோதெல்லாம் சரியாகத் திரும்பியிருக்கிறது. சிமிட்டியபோதுதான் மாட்டிக்கொண்டது. நிமிடத்துக்கு ஒருமுறை எழுதும் குறிப்பில் சிமிட்டல் பல நேரம் விழவே இல்லை. லினக்ஸ் தானே எழுதி வைக்கும் ஜர்னல் பதிவில்தான் 'போனது', 'வந்தது' என்று இரண்டும் ஒரே நொடியில் ஒட்டிக் கிடந்தன. லேப்டாப்பில் டிஎல்பி மட்டுமில்லை, இதே வேலைக்கு ஹெச்டிபார்ம் தொகுப்போடு வந்த பழைய ஸ்கிரிப்ட் ஒன்றும் உயிரோடு இருந்தது. இரண்டு செய்தி, இரண்டு நிரல். எது முதலில் முடியும் என்று உத்தரவாதம் கிடையாது. ஏலக்காய் ஸ்டோரில் இரண்டு ஆள் ஒருவருக்கொருவர் சொல்லாமல் மாறி மாறி அடுப்பைக் கூட்டிக் குறைத்தால் காய் எப்படிக் காயும்? எவர் கை கடைசியில் பட்டதோ அந்தச் சூடுதான் நிற்கும். டிஸ்க்கும் கடைசியாக வந்த எண்ணைத்தான் வைத்துக்கொண்டது.

ரிப்பேர் கடையில் ஏன் ஒழுங்காக ஓடியது என்பதும் இதோடு விளங்கிவிட்டது. அந்தத் தம்பியின் மேஜை யூபிஎஸ்ஸில் ஓடுகிறது. லேப்டாப்புக்குச் சிமிட்டல் தெரியவே இல்லை.

இதற்கு மருந்து எளிது. டிஸ்க்கைப் பற்றி ஒரே ஒரு நிரல்தான் பேச வேண்டும். யார் என்று முடிவு செய்துவிட்டு மற்றவர்களை நிறுத்துங்கள். நான் பழைய ஸ்கிரிப்டை எடுத்துவிட்டு, டிஎல்பியின் அமைப்புக் கோப்பில் கரண்டுக்கும் பேட்டரிக்கும் ஒரே எண்ணாக 254 வைத்தேன். டிஎல்பி இல்லாதவர்கள் டெபியன், உபுண்டுவில் ஈடிசி அடைவில் இருக்கும் ஹெச்டிபார்ம் கோப்பிலேயே கரண்டுக்கு ஒரு வரி, பேட்டரிக்கு ஒரு வரி தனித்தனியாக வைக்க முடியும். முதல் வரியை மட்டும் மாற்றிவிட்டு இரண்டாவதை மறந்தால் வியாதி தொடரும். நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் லேப்டாப்புக்கு இதனால் பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், அதைப் பற்றிக் கவலையில்லை. பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அலைகிற லேப்டாப் என்றால் 254 வைக்காதீர்கள்; அங்கே தலை ஒதுங்கி இருப்பதுதான் பாதுகாப்பு.

மூடியை மூடித் தூங்க வைத்து எழுப்பினாலும் இதே மறதி வரும். டிஸ்க்குக்குக் கரண்ட் நின்று திரும்ப வருகிறதல்லவா. எழுந்ததும் உத்தரவைத் திரும்பச் சொல்லும் ஏற்பாடு லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி-யில் இருக்கிறது. இதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

வெளி டிஸ்க்கின் கதை இன்னும் சுவாரசியம். லேப்டாப்புக்காவது பேட்டரி இருக்கிறது. தனி அடாப்டரில் ஓடும் யூஎஸ்பி டிஸ்க்குக்கு ஒன்றும் கிடையாது. விளக்கு ஒருமுறை சிமிட்டினால் அது செத்துப் பிழைக்கிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் மாறுகிற அந்த ஒரு கணத்தில் சில அடாப்டர் தாங்கும், சில தாங்காது. செத்துப் பிழைத்த டிஸ்க்கை லினக்ஸ் புது டிஸ்க்காகப் பார்க்கிறது. பழைய பெயரான எஸ்டிபி இன்னும் பிடியில் இருந்தால் புதுப் பெயர் எஸ்டிசி. பத்து நிமிடத்தில் தூங்கு என்ற உத்தரவு எஸ்டிபி-க்குப் போட்டது; அந்தப் பெயரில் இப்போது டிஸ்க்கே இல்லை. எஸ்டிசி-க்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. லேப்டாப்பைத் திரும்ப இயக்கும்போது மறுபடி எஸ்டிபி ஆகிவிடும், உத்தரவும் பிடிக்கும். விட்டு விட்டு வருவதாகத் தோன்றியதற்கு இதுதான் காரணம். கெர்னல் பதிவைத் திறந்தால் யூஎஸ்பி துண்டிக்கப்பட்டது, புதிய சாதனம் வந்தது என்று நேரத்தோடு எழுதி வைத்திருந்தது. நான் எழுதிய குறிப்பின் நேரத்தோடு அது அச்சுப் பிசகாமல் பொருந்தியது.

இங்கே ஒரு விதியைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பி எந்த டிஸ்க் கட்டளையையும் நிரந்தரமாக எழுதி வைக்காதீர்கள். அவை கூப்பிடும் வரிசை மட்டுமே. அடுத்த முறை மாறலாம். டிஸ்க்கின் மாடலும் வரிசை எண்ணும் சேர்ந்த நிலையான பெயர் 'டெவ்' அடைவுக்குள் 'டிஸ்க்', அதற்குள் 'பை-ஐடி' என்ற இடத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். தூங்கும் நேரத்தையும் நாமே தட்டாமல், அந்த வரிசை எண் கொண்ட டிஸ்க் எப்போது வந்து சேர்ந்தாலும் உடனே உத்தரவைப் போடும்படி சாதனங்கள் வந்து சேர்வதைக் கவனிக்கும் யூடெவ் நிரலுக்கு விதி ஒன்று எழுதிவிட்டால், ஆடிக்காற்று எத்தனை முறை சிமிட்ட வைத்தாலும் டிஸ்க் பிழைத்தவுடன் உத்தரவு காத்திருக்கும். அடாப்டரையும் ஒரு சின்ன யூபிஎஸ்ஸில் செருகிவிட்டேன். விதி தூக்கத்தைச் சரிசெய்யும்; எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு கெடுவதை அது தடுக்காது. அதற்கு யூபிஎஸ்தான்.

சில யூஎஸ்பி பெட்டிகளில் இது எதுவும் நடக்காது. பெட்டிக்குள் இருக்கும் இணைப்புச் சில்லு நம்முடைய உத்தரவை டிஸ்க்கிடம் கொண்டுபோகாமல் விழுங்கிவிடும். அப்படியிருந்தால் ஹெச்டிபார்ம் ஏதோ உணர்வுத் தகவல் சரியில்லை என்ற பொருளில் ஒரு புகாரைக் காட்டும். அப்போது ஹெச்டி-ஐடில் என்ற சின்ன நிரலைப் போட்டுப் பாருங்கள். அது டிஸ்க்கின் கடிகாரத்தை நம்பாமல், லினக்ஸ் பக்கத்திலிருந்தே படிப்பும் எழுத்தும் நின்றதைக் கவனித்து, வேறு வகைக் கட்டளையால் டிஸ்க்கை நிறுத்தும். சில நிறுவனங்களின் புதிய பெரிய டிஸ்க்குகள் பழைய தூங்கும் நேரத்தைவிட வேறொரு புதிய மின்சிக்கன முறையையே மதிக்கின்றன. சீகேட் டிஸ்க் வைத்திருப்பவர்கள் ஓப்பன் சீசெஸ்ட் கருவியால் அதைப் பார்க்கலாம், மாற்றலாம்.

உத்தரவு நிலைத்திருந்தும் டிஸ்க் தூங்கவில்லையென்றால் யாரோ எழுப்புகிறார்கள். பெரும்பாலும் தெரிந்த ஆட்கள்தான்: ஸ்மார்ட் தகவலை அரை மணிக்கொருமுறை கேட்கும் ஸ்மார்ட்டி, இரவில் கோப்புப் பட்டியல் எடுக்கும் நிரல், டெஸ்க்டாப்பின் தேடல் நிரல். புதிதாக எக்ஸ்ட்4 முறையில் வடிவமைத்த பெரிய டிஸ்க் என்றால் முதல் சில மணி நேரம் கெர்னலே பின்னணியில் எழுதிக்கொண்டிருக்கும். அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம், முடியும்வரை விட்டுவிடுங்கள். யார் தொடுகிறார்கள் என்று பெயரோடு காட்ட ஃபாட்ரேஸ் என்ற கருவி இருக்கிறது. ஒரு மணி நேரம் ஓடவிட்டால் போதும்.

டிஸ்க்கைப் பேசாமல் எப்போதும் சுற்றவிட்டால் என்ன என்று கேட்டீர்களானால், அதிலும் நியாயம் உண்டு. ஒரு நாளைக்குப் பல தடவை நிறுத்தி நிறுத்திக் கிளப்புவதைவிடச் சுற்றிக்கொண்டே இருப்பது டிஸ்க்குக்கு நல்லது. தினம் இரவு ஒரு தடவை மட்டும் எழுந்து காப்புப் பிரதி எடுத்துவிட்டுப் படுக்கும் டிஸ்க்கை நாள் முழுக்கச் சூடேற்றி வைப்பதில் பயனில்லை, அவ்வளவுதான். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று குறைந்த நேரம் வைப்பதைவிட அரை மணி நேரம் வைப்பது என் கட்சி. என் வெளி டிஸ்க்குக்கு இப்போது 241.

இன்னொன்று. ஹெச்டிபார்மில் பெரிய 'ஒய்' போட்டால் டிஸ்க் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும். இணைப்பையே மீட்டமைத்தால்தான் அது எழும். சோதனை செய்கிறேன் என்று அதைத் தொடாதீர்கள். உடனே தூங்க வைத்துப் பார்க்கச் சின்ன 'ஒய்' போதும்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். தேனி மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் அந்த அரசு லேப்டாப் இன்னும் இருக்கிறது. பீரோ மேலே, பரண் மேலே தூசி படிந்து கிடக்கும். சிலவற்றில் இன்னமும் கடைக் கணக்கும் கல்யாணப் போட்டோவும் இருக்கும். எடுத்துச் சார்ஜ் ஏற்றுங்கள். ஸ்மார்ட்மான்டூல்ஸ் போட்டு டிஸ்க்கின் ஸ்மார்ட் பட்டியலைத் திறந்து மூன்று வரிகளைப் பாருங்கள். 193 என்று எண்ணிட்ட வரி, தலை எத்தனை தடவை ஏறி இறங்கியது என்ற கணக்கு. அது அந்த டிஸ்க்குக்குக் குறித்த ஆயுள் கணக்கை நெருங்கியிருந்தால் டிஸ்க் கிழடு. 192, கரண்ட் திடீரென்று போனதால் தலையை அவசரமாக இழுத்துக்கொண்ட தடவைகள். எங்கள் பக்கத்து டிஸ்க்குகளில் இது ஏறிக்கொண்டே போகும். 5 என்று எண்ணிட்ட வரி, கெட்டுப்போன இடங்களை மாற்றிவைத்த எண்ணிக்கை; அது பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தால் எந்த அமைப்பையும் மாற்றிக்கொண்டு உட்காராதீர்கள், அன்றைக்கே இருப்பதையெல்லாம் வேறு இடத்துக்கு நகலெடுத்துவிடுங்கள். பழைய லேப்டாப்பில் ஒரு எஸ்எஸ்டி போட்டால் டிக் டிக், தூக்கம் என்ற பேச்சே கிடையாது; ஆனால் அதற்கும் காப்புப் பிரதி வேண்டும்.

டிஸ்க் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று தூக்கிப் போடுவதற்கு முன்னால், கரண்ட் வந்து போவதையும் சேர்த்து ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். அந்த ஸ்கிரிப்ட் இருபது வரிகூட வராது.